மேற்படி நபரை அறியேன்

தான் இன்னும் கிறிஸ்துவின் சீஷன் ஆகவில்லை என்பது ஏசுபாதத்துக்கு ஐம்பத்து மூன்றாவது வயதில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்குத் தெரிய வந்தது. அதுவரை எப்போதோ ஆகிவிட்டதாகவே நினைத்திருந்தார். கைக்குழந்தையில் ஞானஸ்நானம், பதினாறு வயதில் திடப்படுத்தல், இருபத்தாறில் அதே பீடத்துக்கு முன்னால் பேபியோடு கல்யாணம். மேடவாக்கத்து அடுக்குமாடிகளுக்குத் தண்ணீர் லாரி ஓட்டுகிறவர் என்பதால் வாரத்தில் ஆறு நாள் அவர் சட்டையில் ஈரம் காயாது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு, கிழக்குத் தாம்பரம் நல்வழி ஆலயத்தின் இடது பக்கம் ஏழாவது வரிசையில் உட்கார்ந்திருப்பார். ஒரு சீஷனுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும் என்று அவர் யோசித்ததில்லை.

அன்றைக்கு அவர் ஆலய அலுவலகத்துக்குப் போனது மகள் ஜெரூஷாவின் கல்யாண ஓலையைக் கொடுப்பதற்கு. கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பெண், மாப்பிள்ளை, பெற்றோர் பெயர்களைச் சபையில் வாசிப்பார்கள். யாருக்காவது தடை இருந்தால் எழுந்து சொல்லலாம். அந்த ஆலயத்தின் சரித்திரத்தில் யாரும் எழுந்து சொன்னதில்லை. மாப்பிள்ளை ஜெபின், வண்டலூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியார், நல்ல பையன். சேலையூரில் மண்டபம் பேசியாகிவிட்டது.

அலுவலகத்தில் உட்கார்ந்திருந்த ஜோசலின், ஓ.எம்.ஆரில் ஒரு கம்பெனியில் ஆளெடுக்கிற வேலை பார்ப்பவள். லீவு போடுகிற நாட்களில் அதே வேலையை ஆண்டவருக்கும் செய்து வந்தாள். ஓலையை வாங்கி வைத்துக்கொண்டு லேப்டாப்பில் அவர் பெயரைத் தட்டினாள். பிறகு, நோயாளியின் உடம்பில் ஏதோ இருப்பதை ரிப்போர்ட்டில் பார்த்துவிட்ட டாக்டரைப் போல மிருதுவாகப் பேசினாள்.

"அங்கிள், உங்க ஸ்டேட்டஸ் இன்னும் 'விசாரிப்பவர்'னுதான் காட்டுது. சீஷர் அட்டை இல்லாம ஓலை வாசிக்க சிஸ்டம் அலவ் பண்ணாது."

"நான் இன்னாம்மா விசாரிச்சேன்? நான் எதையும் விசாரிச்சதே இல்லியே" என்றார் ஏசுபாதம்.

அதுதான் பிரச்சினை என்பது போல ஜோசலின் தலையசைத்து, எட்டுப் படிவங்களை அச்செடுத்துக் கொடுத்தாள். ஒன்பதாவது நேர்முகத்தில் வரும் என்றாள்.

போன லெந்து எனும் தவக்காலத்தில் புதிதாக வந்த பாஸ்டர் ஆஸ்டின் அமைத்ததுதான் சீஷத்துவத் தர உறுதிக் குழு. அதன் தலைவர் வேதசிரோமணி. மறைமலைநகரில் ஒரு தொழிற்சாலையில் முப்பத்தொரு வருஷம் தரக் கட்டுப்பாட்டு அதிகாரியாக இருந்து, பழுதான பேரிங்குகளைத் தனியே பொறுக்கி எடுத்தவர். ஓய்வு பெற்றபின் கை சும்மா இருக்கவில்லை. சபையாரை விசாரிப்பவர், பின்பற்றுபவர், சீஷர், முதிர்ந்த சீஷர் என்று நாலு தட்டாகப் பிரித்தார். எதிலும் சேராதவர்கள் பெயர் வாசலுக்குப் பக்கத்தில் கண்ணாடிப் பலகைக்குள் ஒட்டப்படும். அதற்கு வெளிச்சப் பட்டியல் என்று பெயர். அவர்கள் வாழ்க்கைக்கு வெளிச்சம் தேவைப்படுகிறதாம். ஒரு பெயர் அதில் நாலு வாரம் இருக்கும். ஐந்தாவது வாரம் இருக்காது. ஆலய டைரக்டரியிலும் இருக்காது. அந்தக் குடும்பம் வழக்கமாக உட்காரும் வரிசையில் நாற்காலிகளைச் சற்றே அகலமாகப் பரப்பிவிடுவார்கள். நீக்கப்பட்டார் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். விடுவிக்கப்பட்டார் என்று சொல்வார்கள். சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள்.

நாலாம் படிவத்தின் தலைப்பு 'சிலுவை விவரம்'. தினமும் சுமக்கும் சிலுவையின் தன்மை, எந்த ஆண்டு முதல், ஒரு நாளில் எத்தனை மணி நேரம், இறக்கி வைத்த நாட்கள் இருப்பின் காரணத்துடன். ஏசுபாதம் ரெண்டு நாள் யோசித்து முதுகுவலி என்று எழுதினார். அது மருத்துவப் பிரிவில் வரும் என்று திரும்பி வந்துவிட்டது. அவர் அதைத் தாம்பரம் ஸ்டேஷன் ஆட்டோ ஸ்டாண்டுக்கு எடுத்துக்கொண்டு போய் டெனிஸிடம் காட்டினார்.

டெனிஸ் அவருடைய இருபத்து நாலு வருஷத்துச் சிநேகிதன், அதே சபைக்காரன். ஜெரூஷாவை எல்.கே.ஜி.யிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆட்டோவில் ஏற்றி இறக்கியவன். அவளுக்கு அம்மை போட்டிருந்தபோது வேப்பிலை தேடிக் கேம்ப் ரோடு முழுக்க அலைந்தவன். படிவத்தை மேலும் கீழும் பார்த்துவிட்டு டெனிஸ் சொன்னான்: "லாரிய எழுது மச்சான். பன்னெண்டாயிரம் லிட்டரு. ஆண்டவரே இவ்ளோ தூக்கல."

விளையாட்டுக்குச் சொன்னதை ஏசுபாதம் அப்படியே எழுதிக் கொடுத்தார். எடை குறிப்பிட்டிருந்ததால் உடனே ஏற்றுக்கொள்ளப்பட்டது.

ஏழாம் படிவம் குடும்பத்தில் புகைச்சலை உண்டாக்கியது. சீஷனாக விரும்புகிறவன் தாய் தகப்பன் மனைவி பிள்ளைகளை வெறுக்க வேண்டும் என்று வேதத்தில் இருப்பதால், வெறுப்பின் அளவைக் குறைவு, போதுமானது, மிகுதி என்ற மூன்று கட்டங்களில் ஒன்றில் டிக் செய்ய வேண்டியிருந்தது. ஏசுபாதம் குறைவு என்று போட்டார். முயற்சி போதாது என்று திரும்பி வந்தது. போதுமானது என்று போட்டதைப் பேபி பார்த்துவிட்டாள். இருபத்தேழு வருஷம் கூட வாழ்ந்ததற்கு இதுதானா என்று கேட்டுவிட்டு ரெண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவளே சமாதானமாகி, போட்டது போட்டாயிற்று, ஓலை வாசித்தால் சரி என்றாள்.

முதல் நேர்முகத்தில் வேதசிரோமணி அவரை மரியாதையாக உட்கார வைத்து மோர் கொடுத்தார். ஏசுபாதத்துக்குத் தைரியம் வந்து, ஆண்டவரோடு இருந்த பன்னிரண்டு பேருக்கும் இந்த மாதிரி அட்டை உண்டா சார் என்று கேட்டுவிட்டார்.

வேதசிரோமணிக்குக் கோபமே வரவில்லை. "நல்ல கேள்வி பிரதர். பன்னிரண்டு பேர் விவரத்தையும் நம்ம சாஃப்ட்வேர்ல பரீட்சார்த்தமா ஏத்திப் பாத்தோம். பதினோரு பேர் தேறல. ஒருத்தர் தூங்கிட்டார், ஒருத்தர் சந்தேகப்பட்டார், ரெண்டு பேர் பதவி கேட்டாங்க. ஒரே ஒருத்தர்தான் தேறினார். பணப்பைப் பொறுப்பை ஒழுங்காப் பாத்துக்கிட்டார், மேலிடத்தோட நல்ல தொடர்பு வெச்சிருந்தார், சொன்ன நேரத்துக்குச் சொன்ன இடத்துக்கு வந்தார். அது யாருன்னு சபையில சொல்ல வேணாம்னு பாஸ்டர் கேட்டுக்கிட்டிருக்கார்."

ஏசுபாதம் மோரைக் குடித்து முடித்தார். அது யார் என்று வீட்டுக்கு வரும் வழியில், வேளச்சேரி ரோடு சிக்னலில் நிற்கும்போதுதான் அவருக்கு உறைத்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

அடுத்த வாரம் சாயங்காலம் வீட்டுப் பார்வைக்கு ரெண்டு பேர் வந்தார்கள். ஒரே மாதிரி நீலச் சட்டை. சிரித்த முகத்தை அவர்கள் ஒரு தடவைகூட மாற்றவில்லை. குடும்ப ஜெபத்தை நடத்தச் சொல்லி ஸ்டாப்வாட்சில் நேரம் பார்த்தார்கள். வேதப் புத்தகத்தின் மேல் விரலை ஓட்டி, விரலைப் பார்த்தார்கள். லாரி பஞ்சர் ஆனால் அப்பா வாயில் முதலில் வரும் வார்த்தை எது என்று ஜெரூஷாவைக் கேட்டார்கள். மேடவாக்கத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை பார்க்கும் ஜெரூஷா, வருகிறவர்களிடம் அனாவசியமாகப் பேசாமலிருக்கப் பழகியவள். ஸ்தோத்திரம் என்றாள். அதையும் சிரித்துக்கொண்டே குறித்துக்கொண்டார்கள்.

கிளம்பும்போது ஒருவர் டி.வி. மேலிருந்த போட்டோவைக் கையில் எடுத்தார். டெனிஸின் ஆட்டோ வாசலில் ரெட்டைச் சடையும் தண்ணீர் பாட்டிலுமாக ஜெரூஷா, அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பக்கத்தில் டெனிஸ். இது யார் என்று கேட்டார். ஏசுபாதம் பெருமையாகவே சொன்னார். அவர் தன் போனில் அந்தப் போட்டோவைப் போட்டோ எடுத்துக்கொண்டார். கதவு வரை போய் நின்று திரும்பி, இன்னொரு தடவை எடுத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை டெனிஸின் பெயர் வெளிச்சப் பட்டியலில் இருந்தது.

காரணம் யாருக்கும் தெரியாததல்ல. டெனிஸின் பக்கத்து வீட்டில் கன்னியம்மா என்று ஒரு பூக்காரம்மா. ரெண்டு சிறுநீரகமும் போய்விட்டது. கூட ஆள் கிடையாது. குரோம்பேட்டையில் ஒரு தர்ம மையத்தில் அவளுக்கு டயாலிசிஸ் கிடைத்த நேரங்களில் ஒன்று ஞாயிறு காலை. எட்டு மாதமாக டெனிஸ் ஆராதனை நேரத்தில் அவளை அங்கே கொண்டுபோய் விட்டு, நாலு மணி நேரம் வாசலில் ஆட்டோவிலேயே படுத்திருந்து திரும்பக் கூட்டி வந்துகொண்டிருந்தான். குழு விளக்கம் கேட்டபோது, கூட வந்து குந்திப் பாருங்க சார் என்று சொல்லியிருக்கிறான். அதுவே அவன் கோப்பில் 'ஒத்துழையாமை' என்று ஏறியிருந்தது.

புதன்கிழமை ஏசுபாதத்தை ரெண்டாவது நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். இந்தத் தடவை மோர் இல்லை. பாஸ்டர் ஆஸ்டின், வேதசிரோமணி, ஜோசலின் மூவரும் மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள். மேஜையில் அந்தப் போட்டோவை ஏ-4 அளவுக்குப் பெரிதாக்கி வைத்திருந்தார்கள். டெனிஸின் முகத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம். வட்டத்தின் ஓரத்தில் ஜெரூஷாவின் காதும் ஒரு சடையும் மாட்டியிருந்தன.

டெனிஸ் செய்வது நல்ல காரியம்தானே என்று ஏசுபாதம் இழுத்தார். நோயாளிக்கு உதவுவதைத் தானே அரைமணி நேரம் பிரசங்கித்திருப்பதாகப் பாஸ்டர் சொன்னார். வேதசிரோமணி அதைத் தெளிவாக்கினார்.

"அன்பு காட்டுறத நாங்க தடுக்கல பிரதர். சேவைப் பதிவேட்டுல முன் அனுமதி வாங்காம காட்டுற அன்பு, அன்புங்கிற கணக்குல வராது. அவ்வளவுதான். ஆளாளுக்கு வழியில கெடக்குறவனைத் தூக்கிக்கிட்டுப் போக ஆரம்பிச்சா, ஆராதனைக்கு யார் இருப்பாங்க?"

பிறகு ஒன்பதாம் படிவத்தை அவர் பக்கம் தள்ளினார். தலைப்பு 'தொடர்பு விலக்கு அறிக்கை'. ஒரே ஒரு வரிதான்: மேற்படி நபரை நான் அறியேன். இதை எழுத்தில் ஒரு தடவையும், குழுவுக்கு முன் வாய்மொழியாக ஒரு தடவையும், சபைக்கு முன் ஒரு தடவையும் சொல்ல வேண்டும்.

இந்த வார்த்தையை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதே என்று ஏசுபாதம் மெதுவாகச் சொன்னார். வேதசிரோமணியின் முகம் மலர்ந்தது.

"பேதுருவேதான். பேதுரு மூணு தடவை மறுதலிச்சார். அப்புறம் என்ன ஆச்சு? சபையையே அவர் கையிலதான் குடுத்தாங்க. அப்போ அது தகுதியா, தகுதிக் குறைவா? அவர் செஞ்ச ஒரே தப்பு, எழுத்துல குடுக்கல. அதனாலதான் அழ வேண்டி வந்திச்சு. நம்ம முறையில அழுகைக்கு இடமே இல்ல."

ஏசுபாதம் பேனா மூடியைக் கழற்றினார். ஜோசலின் காலண்டரைப் பார்த்துவிட்டு, இந்த ஞாயிறு ஆரம்பித்தால்தான் மூன்று வாரமும் கல்யாணத் தேதிக்குள் முடியும் என்று ஞாபகப்படுத்தினாள். காலையில் பேபி, மாப்பிள்ளை வீட்டார் ஓலை எப்போது வாசிப்பார்கள் என்று ரெண்டு தடவை போன் செய்ததாகச் சொல்லியிருந்தாள். வெறும் கையெழுத்து, டெனிஸ் புரிந்துகொள்வான் என்று அவர் தனக்குள் சொல்லிக்கொண்டார். கையெழுத்துப் போட்டார்.

அந்த நேரம் பார்த்து அவர் சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தார். திரையில் 'டெனிஸ் ஆட்டோ' என்று இருந்தது. மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த மூவருக்கும் அது தலைகீழாகத் தெரிந்தது. வேதசிரோமணி, ஸ்பீக்கரில் போடுங்கள் பிரதர் என்றார். அதட்டவில்லை, கேட்டுக்கொண்டார்.

"மச்சான், ஜெரூ ஓலை இந்த ஞாயித்துக்கெழமையாமே?" டெனிஸின் குரலுக்குப் பின்னால் ரயில் அறிவிப்பு கேட்டது. "கன்னியம்மாவுக்கு நேரத்த ஒரு மணி நேரம் தள்ளிக் கேட்டுக்கீறேன். நான் வந்துர்றேன். நம்ம பொண்ணு பேரு படிக்கும்போது நான் இல்லாமலா?"

ஏசுபாதம் பாஸ்டரைப் பார்த்தார். பாஸ்டர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாருங்க பேசறது?" என்றார் ஏசுபாதம்.

"நான்தான்டா."

"ராங் நம்பருங்க."

அந்தப் பக்கம் ரயில் ஒன்று கடந்து போயிற்று. பிறகு டெனிஸ், "சரிங்க, சாரிங்க" என்று நிதானமாகச் சொல்லிவிட்டு வைத்தான்.

ஜோசலின் ரெண்டாவது கட்டத்தில் டிக் செய்தாள். ஏசுபாதத்தின் கழுத்தில் நீல நாடாவில் கோத்த அட்டையை வேதசிரோமணி தன் கையாலேயே மாட்டினார். தற்காலிகம், ஞாயிறன்று நிரந்தரமாகும் என்றார். படியிறங்கும்போது ஏசுபாதம் அதைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டார். அன்று மேடவாக்கத்துக்கு மூன்று நடை ஓட்ட வேண்டியிருந்தது. தாம்பரம் ஸ்டாண்டைத் தாண்டிப் போக வேண்டாம் என்று மூன்று தடவையும் சுற்றிக்கொண்டு போனார். வீட்டில் அட்டையைக் காட்டியதும் பேபி முழங்காலில் நின்று ஸ்தோத்திரம் செய்தாள். எப்படிக் கொடுத்தார்கள் என்று ஜெரூஷா கேட்டாள். ஃபார்மாலிட்டிதான் என்றார்.

ஞாயிறு காலை ஆலயம் நிறைந்திருந்தது. வரவர எல்லோரும் சீக்கிரமே வந்துவிடுகிறார்கள். பலகையில் தங்கள் பெயர் இல்லை என்று பார்த்துக்கொண்டு உள்ளே போகிறார்கள். டெனிஸ் சொன்னபடி வந்திருந்தான். கன்னியம்மாவை வெளியே வேப்பமர நிழலில் ஆட்டோவில் உட்கார வைத்துவிட்டு, கடைசி வரிசையில் ஓரமாக, சலவைச் சட்டையில் நின்றான். அவனைச் சுற்றி நாலு நாற்காலி காலியாக இருந்தது.

அறிவிப்புகளின் நடுவே பாஸ்டர் ஆஸ்டின், நம் சபைக்கு இன்று ஒரு சீஷன் கிடைத்திருப்பதாகச் சொல்லி ஏசுபாதத்தை முன்னால் அழைத்தார். கைதட்டினார்கள். ஒன்பதாம் படிவத்தைக் கையில் கொடுத்து மைக்கை நீட்டினார். ஏசுபாதம் ஏழாவது வரிசையைப் பார்க்காமல் வாசித்தார். டெனிஸ் என்கிற மேற்படி நபரை நான் அறியேன். மைக் நன்றாக வேலை செய்தது. வாசல் வரைக்கும் கேட்டிருக்கும்.

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்ப்பதும் குறிக்கப்படும் என்று எல்லோருக்கும் தெரியும். கடைசி வரிசையில் டெனிஸ் ஒரு எட்டு முன்னால் வந்தான்.

"அவர் சொல்றது கரெக்ட்டுதான் பாஸ்டர். எனக்கும் அவரத் தெரியாது. பொண்ணோட ஓலையப் படிங்க."

பாஸ்டர் அவனுக்கு நன்றி சொன்னார். இருதரப்பும் ஒத்துப்போவது அபூர்வம் என்று வேதசிரோமணி முன் வரிசையில் தலையசைத்தார். ஏசுபாதத்தின் அட்டையில் பச்சை ஸ்டிக்கர் ஒட்டினார்கள். அவரைப் பீடத்துக்குப் பக்கத்திலேயே நிற்கச் சொல்லிவிட்டு, பாஸ்டர் ஓலையை வாசித்தார். இன்னாருடைய குமாரன் ஜெபினும், ஏசுபாதம், பேபி தம்பதியின் குமாரத்தி ஜெரூஷாவும். இவர்கள் சேர்வதற்குத் தடை ஏதேனும் அறிந்தவர்கள் இப்போதே சொல்லலாம். அடுத்த பக்கத்தைப் புரட்ட அவர் விரலை நாக்கில் தொட்டுக்கொண்டார்.

ஏழாவது வரிசையில் ஜெரூஷா எழுந்து நின்றாள். பேபி அவள் கையைப் பிடித்து இழுத்தாள். அவள் உட்காரவில்லை.

"ஒரு தடை இருக்கு பாஸ்டர். ஓலையில எங்க அப்பான்னு ஒருத்தர் பேர் படிச்சீங்க." ஸ்கேன் சென்டரில் அடுத்த ஆளைக் கூப்பிடுகிற குரல்தான். "அந்த ஆள எனக்குத் தெரியாது."

அவள் வரிசையை விட்டு வெளியே வந்தாள். நடுவழியில் நடந்து போனாள். ஏசுபாதத்தைத் தாண்டித்தான் அவள் பார்வை போயிற்று. அது அவர்மேல் நிற்கவில்லை. கடைசி வரிசையில் டெனிஸ், வேணாம் கண்ணு, போய்க் குந்து என்று கெஞ்சினான். அவள் அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, கன்னியம்மாவுக்கு நேரமாகிறது மாமா என்று சொல்வது எல்லோருக்கும் கேட்டது. ரெண்டு பேரும் வெளியே போனார்கள்.

முன் வரிசையில் ஜோசலின் அவசரமாகப் படிவங்களைப் புரட்டினாள். மகள் தகப்பனை விலக்குவதற்குத் தனிப் படிவம் கிடையாதென்று வேதசிரோமணியின் காதில் சொன்னாள். சேர்த்துவிடலாம், குறித்துக்கொள்ளுங்கள் என்றார் அவர்.

ஏசுபாதம் ஒரு படி இறங்கினார். இன்னொரு படிக்குக் காலை எடுத்தார். வேதசிரோமணி எழுந்து வந்து அவர் தோளில் கை வைத்தார். கை கனமாகவே இல்லை.

"ஆராதனை முடியறதுக்குள்ள வெளிய போனா அட்டை தானா ரத்தாயிடும் பிரதர். அட்டை ரத்தானா ஓலையும் ரத்து. பொண்ணு கோவத்துல பேசுறா, சரியாயிடும். நில்லுங்க."

அவர் பேபியைப் பார்த்தார். பேபி முக்காட்டை வாயில் அடைத்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சபை முழுக்க அவரையே பார்த்தது. யாருடைய முகத்திலும் கோபமோ இரக்கமோ இல்லை. அடுத்து என்ன செய்வார் என்று பார்த்துச் சொல்லவேண்டிய பொறுப்பு மட்டும் இருந்தது. வெளியே ஆட்டோ ரெண்டு தடவை இருமிவிட்டுக் கிளம்புகிற சத்தம் வந்தது. அந்தச் சத்தம் கேம்ப் ரோடு பக்கம் திரும்பித் தேய்கிற வரை ஏசுபாதம் அந்தப் படியிலேயே நின்றார்.

பாஸ்டர் பாட்டு எண்ணை அறிவித்தார். எல்லோரும் எழுந்தார்கள். நீலச் சட்டைக்காரர்கள் இருவரும் வாசலுக்குப் போய், ஆளுக்கொரு கதவாகப் பிடித்துச் சத்தமில்லாமல் சாத்தினார்கள்.